லீசிங் வேனும் வாப்பாவின் கையெழுத்தும்

அன்பு மகனுக்கு,

உனக்கும் மருமகளுக்கும், அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்து என் ஸலாம். நானும் உம்மாவும் சுகம். உம்மாவுக்கு முழங்கால் நோ கூடியிருந்தது. நீ வேன் எடுக்கப்போகிறாய் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் நோவும் போய்விட்டது போல இருக்கிறது. பக்கத்து வீடு, முன் வீடு, பள்ளிவாசல் ஒழுங்கை எல்லாம் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சம்மாந்துறையில் இருக்கிற அவளுடைய சாச்சியைப் பார்க்க வேனில்தான் போவதென்று முடிவும் எடுத்தாயிற்று. வேன் இன்னும் கொழும்பில், யாரோ ஒருவரின் முற்றத்தில் நிற்கிறது என்பதை நான்தான் அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அக்கரைப்பற்றுக்கு உன்னைப் பார்க்க வந்தபோது நீ என்னிடம் நேராகவே கேட்டாய். "வாப்பா, லீசிங்ல எடுக்கிறதா, காசக் குடுத்து வாங்கிறதா? நீங்க என்ன சொல்றீங்க?" நான் தட்டில் இருந்த வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இரிக்கி, இனிப்பு மட்டும் கொஞ்சம் கூட" என்றேன். நீ சிரித்துவிட்டாய். உன் மாமனார் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்லாமல் விட்டதில் உனக்குக் கொஞ்சம் மனவருத்தம் இருந்திருக்கும். ஆனால் நம் பக்கத்து வழமை உனக்குத் தெரியாததல்ல. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளையின் வாப்பா அங்கே விருந்தாளி. விருந்தாளி சாப்பிடலாம், சுகம் விசாரிக்கலாம், இந்த முறை வேளாண்மை எப்படி என்று கேட்கலாம். அந்த வீட்டுக் காரியத்தில் வாயை நீட்டக்கூடாது. அதுவும் முற்பணத்தை உன் மாமனார் தருவதாகச் சொல்லியிருக்கும்போது, அவருடைய ஹோலில் அவருடைய கதிரையில் இருந்துகொண்டு, "லீசிங் வேண்டாம்" என்று நான் சொன்னால் அதற்கு என்ன பெயர்? வெளிக்கிடும்போது பிணைக் கையெழுத்துக்கான பேப்பரை மடித்து என் சேட்டுப் பையில் வைத்துவிட்டாய். "பென்சன்காரர் எண்டாலும் பரவாயில்லயாம் வாப்பா" என்றாய். கல்முனை வரும் வரைக்கும் அந்தப் பேப்பர் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது. அங்கே வாய் திறக்காததை இங்கே எழுதுகிறேன்.

நீ எதற்காக இந்த வேனுக்கு ஆசைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் வாத்தியார் சம்பளம் எனக்குத் தெரியாததா? பிள்ளை வரப்போகிறது. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் படிப்பிக்கப் போகிற டீச்சர்மாரையும் வாத்தியார்மாரையும் காலையில் ஏற்றிக்கொண்டு போய், நீயும் படிப்பித்துவிட்டு, பின்னேரம் அவர்களையே கூட்டிக்கொண்டு வரலாம். சனி ஞாயிறில் கலியாணங்களுக்கு வாடகை ஹயர் ஓடலாம். எப்படியும் நீ போகவேண்டிய பாதை, சும்மா போகாமல் நாலு பேரோடு போனால் என்ன என்று கேட்டாய். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நியாயமில்லாத கதை என்றால் உன்னைப் பிடித்து ஏசியிருப்பேன்.

இப்போது நீ பஸ்ஸில் போகிறாய். விடியற்காலையில் வழியில் கோமாரிப் பக்கம் ஏதோ வெடிச் சத்தம் கேட்டதாம் என்று கதை வந்தால் பஸ் வராது. பஸ் வராவிட்டால் நீயும் மற்ற வாத்தியார்மாரும் சந்தியில் கொஞ்சம் நின்றுவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போகிறீர்கள். யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. போவதா விடுவதா என்று யாரும் தலையை உடைப்பதும் இல்லை. அந்த முடிவை டிப்போவில் யாரோ ஒரு மனிதன் உங்களுக்காக எடுத்துவிடுகிறான். அந்த மனிதனுக்காக நான் எத்தனை தரம் துஆ கேட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. வேன் வந்தால் அந்த மனிதன் நீதான். சந்தியில் பத்துப் பேர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மாதக் காசு தந்தவர்கள். "சேர், போகலாமா?" என்று கேட்பார்கள். நீ என்ன சொல்வாய்?

இங்கேதான் லீசிங்குக்கும் சொந்தத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கொம்பனிக்காரத் தம்பி, கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்து, சொந்தமாக வாங்கினால் இவ்வளவு, லீசிங்கில் எடுத்தால் மாதம் இவ்வளவு என்று அழகாகக் கணக்குக் காட்டினான் என்று சொன்னாய். அவன் கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அவன் கணக்கில் பாதை பூட்டுகிற நாள் இல்லை. சொந்த வேன் என்றால் பிரச்சினை உள்ள நாளில் அதை முற்றத்தில் நிறுத்தி, மேலே ஒரு படங்கைப் போட்டு மூடிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். நட்டம் உன்னோடு போகும். லீசிங் வேன் அப்படி நிற்காது. மாதம் பிறந்தால் தவணை. நீ சோர்ந்திருந்தாலும் தவணை, பாதை சரியில்லாவிட்டாலும் தவணை. போகாதே என்று மனம் சொல்கிற நாளிலும் உன் கால் பெடலில் இருக்கும்.

உம்மாவின் காக்காவை, உன் பெரிய மாமாவை, நீ நொண்டி நடக்கிற ஆளாகத்தான் பார்த்திருக்கிறாய். பிறவியிலேயே அப்படி என்றுதான் சின்னதில் நினைத்திருந்தாய். அப்படியில்லை. எங்களுக்குள் அவர்தான் வேகமாக ஓடுகிறவர். நீ தொட்டிலில் இருந்த காலத்தில் அவர் தவணைக்கு ஒரு உழவு மெசின் எடுத்தார். அந்த மாரியில் மழை விடாமல் பெய்தது. வாய்க்கால் கட்டெல்லாம் ஊறிக் கிடந்தது. மெசின் வைத்திருந்த மற்றவர்கள் எல்லாரும் வாசலில் நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். இவர் மட்டும் இறக்கினார். "மழைக்கு நிக்கலாம் மச்சான், தவணை நிக்காதே" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். கட்டு உடைந்து மெசின் புரண்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "மெசினுக்கு ஒண்டுமில்லியே?" தன் காலைப் பற்றிக் கேட்கவில்லை. பெண்சாதி பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. மெசினைக் கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. தவணை என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

லீசிங் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு பலமான காரணம் கிடைக்குமா என்று தேடினேன். உன்னிடம் மறைப்பானேன்? மௌலவியிடம் போனேன். லீசிங் என்றால் வட்டிதானே, ஹராம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், அதை அப்படியே எழுதி உனக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒப்பந்தத்தப் பாத்தாத்தான் சொல்லலாம். வாடகை மாதிரி எழுதியிரிக்கா, கடன் மாதிரி எழுதியிரிக்கா? பேப்பரக் கொண்டு வாங்க" என்றார். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "நீங்க கேக்க வந்தது வட்டியப் பத்தி இல்லப் போல" என்றார். நான் எழும்பி வரும்போது, வேன் வந்தால் மதரஸாப் பிள்ளைகளை ஒரு நாள் ஒலுவில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல?

சரி, லீசிங் இல்லாமல் மலிவாக ஒன்றை வாங்கிவிடலாமா என்றும் பார்த்தேன். சாய்ந்தமருதில் மீன் வியாபாரம் செய்கிற ஆதம்பாவா காக்கா தன் பழைய வேனை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, உனக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். கிட்டப் போகும்போதே மீன் வாடை. கழுவினால் போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். கதவு என் கையோடு வந்தது. காக்கா அதை வாங்கி, பழகிய கையால் திரும்பக் கொழுவிவிட்டார். ஆள் நல்ல மனிதன். எவ்வளவு என்று நான் கேட்டபோது அவர், "எங்க ஓடப் போகுது சேர்?" என்று திருப்பிக் கேட்டார். பொத்துவிலுக்கு என்றேன். காக்கா தலையைச் சொறிந்தார். "கல்முனைக்குள்ள எண்டா ஓம், ஓடும். கோமாரிக்கு அங்கால கொண்டு போகாதீங்க. காட்டுக்குள்ள நிண்டா என்ன செய்வீங்க? நான் வித்துப்போட்டு நிம்மதியாப் படுக்க ஏலாது." விற்கிறவனே வேண்டாம் என்று சொல்கிற சாமானை வாங்கி உன் கையில் தர எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாதையில், இரண்டு ஆமிச் சென்றிக்கு நடுவே, டீச்சர்மாரை வைத்துக்கொண்டு நீ பொனட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். லீசிங் வேன் உன்னைப் போகச் சொல்லும், பழைய வேன் உன்னை வரவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் நிற்கிறேன்.

நல்ல வேனாக, முழுக் காசையும் கொடுத்து வாங்கித் தருவதுதான் சரியான பதில். அது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். அதைச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? மூத்தவள், உன் ராத்தாவின் கலியாணத்துக்கு வீட்டை அவள் பெயருக்கு எழுதினேன். ஊரில் எல்லா வாப்பாமாரும் செய்கிறதைத்தான் செய்தேன். அவளும் மச்சானும் எங்களைத் தங்கமாகப் பார்க்கிறார்கள், அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனாலும் நானும் உம்மாவும் இப்போது குசினிக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் இருக்கிறோம். நான் கட்டிய வீட்டில் நானே ஒரு மாதிரி விருந்தாளி. வீடு அவளுக்கு, மேற்கே மலைப்பக்கத்து வயல் உனக்கு என்று அன்றைக்கே மனதில் பிரித்துவைத்திருந்தேன். பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு வயல், இரண்டு பக்கமும் சரி என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. தொண்ணூறில் வந்த யுத்தப் பிரச்சினையோடு அந்தப் பக்கம் போக முடியாமல் போயிற்று. வரம்பு எங்கே கிடக்கிறது, வாய்க்கால் இருக்கிறதா தூர்ந்துவிட்டதா, ஒன்றும் தெரியாது. காடு மூடியிருக்கும். காணி உறுதி மட்டும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

வேனுக்காக அதை விற்கவும் கேட்டுப் பார்த்தேன். முன்பு அந்த வயலைத் தரச்சொல்லி என் வாசலில் வந்து நின்ற பெரிய வயல்காரர், போடியாரிடமே நான் போய் நின்றேன். அவர் என்னை இருக்கவைத்து, தேத்தண்ணி தந்து, கடைசியில் இப்படிச் சொன்னார்: "போய் மிதிக்க ஏலாத காணிய நான் எப்பிடி வாங்குற? ஒங்கட மகனுக்கு எண்டு சொல்றீங்க, எனக்கும் கவலைதான். எங்கட வயலும் அங்கதானே கிடக்கு." அவர் சொன்னதில் பிழை இல்லை. உனக்குத் தருவதற்கு நான் வைத்திருந்த ஒரே சொத்து, அரை மணித்தியாலம் சைக்கிள் மிதித்தால் போய்விடக்கூடிய தூரத்தில், யாருக்கும் உதவாமல் கிடக்கிறது. வாப்பா என்று பெயருக்கு இருக்கிறேன், மகனே. நீ கேட்ட நேரத்தில் தர என் கையில் ஒன்றுமில்லை. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அதுவும் உன் மாமனாருக்கு முன்னால்.

உம்மாவிடம் இந்தப் பயத்தைச் சொன்னேன். அவளும் என்னோடு சேர்ந்து பயப்படுவாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னைத் தடுக்கலாம் என்று நினைத்தேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்: "இப்பயும் அவன் அந்த ரோட்டாலதானே போறான்? பஸ்ஸுல போனா ஒங்களுக்குப் பயமில்ல, வேன்ல போனா மட்டும் பயமா? ஒங்கட பயத்த அவன்ட தலையில கட்டாதீங்க. பொறக்கப் போற புள்ளைக்குப் பால்மாவ நீங்களா வாங்கிக் குடுக்கப் போறீங்க?" பிறகுதான் கவனித்தேன், வெட்டி முடிந்த மீனையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம்தான். என்னைவிட நன்றாக மறைக்கிறாள், அவ்வளவுதான்.

ஆகவே நீ லீசிங்கில்தான் எடுப்பாய். அது எனக்குத் தெரிகிறது. எடுக்கப்போகிறவனுக்கு எனக்குத் தெரிந்த சிலதைச் சொல்கிறேன். வேன் வந்த புதிதில் சம்பளத்துக்கு மேலே வருகிற காசு பெரிதாகத் தெரியும். அதை நம்பி வீட்டில் இன்னொரு செலவைத் தொடங்கிவிடாதே. தவணைக்கு எடுத்ததைத் தனியாக வை, அதற்கு மேலே இருந்தால் இன்னொரு மாதத்துத் தவணையையும் முன்கூட்டியே சேர்த்து வை. அந்தக் காசு கையில் இருந்தால்தான் உனக்கு வீட்டில் இருக்கத் தைரியம் வரும். காலையில் யாராவது ஒரு டீச்சர், "சேர், நான் இண்டைக்கு வரல்ல" என்றால் ஏன் என்று கேட்காதே, காசைக் கழிக்கமாட்டேன் என்றும் சண்டை பிடிக்காதே. அவளுக்கும் வீட்டில் ஒரு உம்மாவோ அம்மாவோ ஏதாவது சொல்லியிருப்பாள். வழியில் திருக்கோவிலில் ஏறப்போகிற டீச்சரிடம் பாதை எப்படி என்று கேள். அங்கே இருக்கிறவர்களுக்கு உனக்கு முந்திச் செய்தி தெரியும். சென்றியில் உள்ளே லைட்டைப் போட்டு மெதுவாகப் போ, அவசரத்தைக் காட்டாதே. எல்லாரையும் இறங்கச் சொன்னால் நீ முதலில் இறங்கு. பின்னேரம் சுணங்குமென்றால் அங்கேயே யாரோ ஒருவர் வீட்டில் படுத்துவிட்டு வா. வேனை விட மனமில்லை என்று இருட்டில் வெளிக்கிடாதே.

இதையெல்லாம் நீ கேட்பாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உன் வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன். தபால் கந்தோரில் இத்தனை வருடம் இருந்தேனே, எத்தனை வீட்டுக்கு எத்தனை மரணச் செய்தியை என் கையால் அனுப்பியிருப்பேன். ஒரு வாப்பாவும் எனக்கு முன்னமே தெரியாது என்று சொன்னதில்லை. எல்லாரும் சொல்லியிருந்தோமே என்றுதான் அழுதார்கள். சொல்வதால் ஒன்றும் நடப்பதில்லை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. தெரிந்தும் எழுதுகிறேன்.

பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. நான்கு நாள் குர்ஆன் வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவைத்துப் பார்த்தேன். போடாமல் விட்டால் உன் மாமனார், "ஒங்கட வாப்பாவே நம்பல்லியே" என்று நினைப்பார், அந்த வீட்டில் நீ தலை குனிந்து இருக்கவேண்டும். அதை என்னால் தாங்க முடியாது. ஆனால் நீ வேன் எடுக்கவேண்டும் என்பதற்காக நான் போடவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிணை என்றால் என்ன? நீ கட்டாவிட்டால் அவர்கள் என்னிடம் வருவார்கள். வரட்டும். பென்சனில் வெட்டட்டும். நானும் உம்மாவும் இரண்டு பேர், ராத்தா வீட்டில் சோறு இருக்கிறது. வீடும் தரமுடியாத, வயலும் தரமுடியாத வாப்பா, நீ பயந்த ஒரு நாளில் போகாமல் இருக்கிறதற்கு உனக்கு ஒரு வழி தரலாம் என்றுதான் பேனையை எடுத்தேன்.

கையெழுத்தைப் போட்டு மை காய வைத்த பிறகுதான் ஒன்று விளங்கியது. உன்னை எனக்குத் தெரியும். வாப்பாவின் பென்சனில் கை வைக்க விடக்கூடாது என்று நினைத்தே நீ அந்தக் காலையில் சாவியை எடுப்பாய். என் கையெழுத்து இல்லாவிட்டால் ஒருவேளை வீட்டில் இருந்திருப்பாய். இருப்பதால் கட்டாயம் போவாய். நான் போட்டாலும் பிழை, போடாவிட்டாலும் பிழை. இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. உன்னிடம் கெஞ்சத்தான் தெரிகிறது. வாப்பாவுக்குக் கடன் வந்துவிட்டது என்று ஊர் சிரிக்கட்டும், கொம்பனிக்காரன் ராத்தா வீட்டு வாசலில் வந்து நிற்கட்டும், உன் மாமனார் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். அந்த நாள் வந்தால் என்னைக் கடன்காரனாக்கு மகனே. நீ வீட்டில் இரு.

வாப்பா